ஏழு எழுத்துகள்

வண்டி நம்பர் பிளேட்டைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்வது நமக்கு ஒரு விளையாட்டு. 1990களின் போஸ்னியாவில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த நாடு போருக்குப் பிறகு எப்படி எழுந்தது என்று படிக்க ஆரம்பித்தபோது ராணுவம், ஒப்பந்தம், நிதியுதவி என்று பெரிய அத்தியாயங்கள் நிறைய வந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தத் தகரப் பலகைதான்.

1992 முதல் 1995 வரை நடந்த போரில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரத்து விமானப்படைத் தளத்தில் வைத்து சமாதானம் பேசி முடித்தார்கள். நாடு ஒன்றுதான், உள்ளே பகுதிகள் இரண்டு. போஸ்னியாக், குரோவாட் மக்களின் கூட்டமைப்புக்கு 51 சதவீத நிலம், செர்பியர்களின் ஸ்ர்ப்ஸ்கா குடியரசுக்கு 49 சதவீதம். நடுவே உள்ள கோட்டை யாரும் எப்போதும் தாண்டலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. காவலுக்கு நேட்டோ தலைமையில் சுமார் 60,000 வீரர்கள் வேறு.

ஆனாலும் ஜனங்க தாண்டப் பயந்தாங்க. காரணம், வண்டியின் முன்னாலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஒரு தரப்பின் பலகையில் அல்லிப்பூ, இன்னொன்றில் சிவப்பு வெள்ளைக் கட்டம், மூன்றாவதில் சிரிலிக் எழுத்து. தூரத்திலிருந்தே ‘இவன் யார்’ என்று தெரிந்துவிடும். போலீஸ் நிறுத்தும், கல் பறந்து வரலாம்.

1997 டிசம்பரில், சட்டம் போடவும் அதிகாரிகளை நீக்கவும் சர்வதேச உயர் பிரதிநிதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஸ்பெயினின் கார்லோஸ் வெஸ்டன்டார்ப். அவர் காலத்தில், 1998இல், நாடு முழுக்க ஒரே மாதிரியான புதுப் பலகை வந்தது. மூன்று எண், ஓர் எழுத்து, மறுபடி மூன்று எண். ஊர்க்குறி கிடையாது. சரி, அந்த ஓர் எழுத்து எந்த லிபியில்? அங்கே எழுத்துக்கும் கட்சி உண்டே! ரோமன் லிபியிலும் சிரிலிக்கிலும் ஒரே வடிவமும் ஒரே ஒலியும் கொண்ட எழுத்துகளைத் தேடி எடுத்தார்கள். ரோமன் ‘பி’ சிரிலிக்கில் ‘வி’ ஆகிவிடும், அதனால் அது வேண்டாம். கடைசியில் தேறியவை ஏழு: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி.

கோட்டைத் தாண்டும் வண்டிகள் பெருகின. விட்டுவந்த வீட்டைப் போய்ப் பார்க்க முடிந்தது; மறுபக்கத்துச் சந்தைக்குப் போக முடிந்தது. அத்தனை துப்பாக்கிகள் காவல் நின்றும் போகாத பயத்தை ஒரு தகரம் கொஞ்சம் குறைத்தது.

இதைப் படித்ததும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. அப்புறம் அரசியலமைப்பைப் படித்தேன். டேட்டன் ஒப்பந்தத்தின் நான்காவது பின்னிணைப்புதான் அந்த நாட்டின் அரசியலமைப்பு. அதன்படி ஜனாதிபதி என்று ஒருவர் இல்லை, மூன்று பேர்: ஒரு போஸ்னியாக், ஒரு குரோவாட், ஒரு செர்பியர். தலைமை நாற்காலி எட்டு மாதத்துக்கு ஒருமுறை கை மாறும். கூட்டமைப்புப் பகுதியில் வாழும் செர்பியர் நிற்க முடியாது. ஸ்ர்ப்ஸ்காவில் வாழும் போஸ்னியாக்கும் முடியாது. பலகையிலிருந்து அழித்த கேள்வியை ஆட்சியின் அஸ்திவாரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்: நீ யார்?

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பங்கீடு இல்லாமல் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்காது, போர் நின்றிருக்காது. ஆனால் ரத்தத்தை நிறுத்தக் கட்டிய கட்டை அவிழ்க்க யாருக்கும் மனசில்லை. இனத்தின் பெயரால் பதவிக்கு வந்தவர்கள் அந்தக் கேள்வி மறைய ஏன் விடப்போகிறார்கள்? பலகை மாறியதால் எந்தத் தலைவருக்கும் நாற்காலி போகவில்லை. அதனால்தான் அதை மாற்ற முடிந்தது என்று நினைக்கிறேன். அதையும் வெளியாள் ஒருவர் நெருக்கித்தான் செய்யவைக்க வேண்டியிருந்தது.

தெர்வோ செய்திச் ஒரு ரோமா, யாகோப் ஃபின்சி ஒரு யூதர். மூன்றில் எதிலும் சேராததால் இருவரும் ஜனாதிபதி தேர்தலில் நிற்க முடியாது. வழக்குப் போட்டார்கள். 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது பாரபட்சம் என்று தீர்ப்புச் சொன்னது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அரசியலமைப்பில் அந்த வரி மாறவில்லை.

தீர்ப்பு வந்த நாளில் ஃபின்சி ஸ்விட்சர்லாந்தில் தன் நாட்டின் தூதராக இருந்தார். அந்த ஏழு எழுத்துகளில் ஒன்றைத் தாங்கிய காரில் அவர் தன் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். வேட்புமனுவில்தான் அவருக்கு இடமில்லை.