தூது போன சாமியார்: தனிநாயகம் அடிகளாரும் குருத்துவ அழைப்பும்

டில்லித் தமிழர் கூட்டங்களில் தனிநாயகம் அடிகளாரின் பெயரைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். கூட்டம் கலைந்து காபி குடிக்கும்போது யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "அதெல்லாம் சரிங்க, அவர் சாமியார்தானே? கோயிலையும் பங்கையும் விட்டுட்டு யுனிவர்சிட்டியிலேயே காலம் கழிச்சிருக்காரே, அது எப்படி?" இந்துக் குடும்பத்து நண்பர்கள் இதை வெறும் ஆவலில் கேட்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் கேட்கும்போது அதில் கொஞ்சம் கவலையும் கலந்திருக்கும். துவாரகாவிலே வளர்ந்து, இந்தியும் இங்கிலீஷும் பேசுகிற பையன் ஒருநாள் "நான் குருமடத்துக்குப் போறேன்" என்று நின்றால், பெற்றவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "போய் என்ன செய்வே?" ஆகவே இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அடிகளார் 1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம் என்று படித்து, 1934-இல் உரோமைக்குப் போனார். 1938-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். படித்ததெல்லாம் ஆங்கிலமும் இலத்தீனும்தான். தமிழில் அவருக்கு அப்போது பெரிய பயிற்சி கிடையாது. உரோமையில் பல நாட்டு மாணவர்களுக்கு நடுவே இருந்தபோதுதான் தமிழ் நினைப்பு வந்திருக்கிறது. அங்கிருந்த தமிழ் மாணவர்களைச் சேர்த்து 'வீரமாமுனிவர் கழகம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஊரை விட்டு வெளியே வந்த பிறகு சங்கம் வைப்பது நம்ம டில்லிக்காரர்களின் பழக்கம் மட்டும் அல்ல என்பது இதனால் விளங்கும்.

அவர் உரோமையில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், ஆயர் சிப்ரியானின் காலத்தில் இருந்த குருக்கள் யார், என்ன செய்தார்கள் என்பதே அது. அதாவது, குருவின் வேலை என்ன என்ற கேள்வியையே அவர் இளம் வயதில் முறையாக ஆராய்ந்திருக்கிறார்.

அந்தக் கார்த்தேஜ் நகரத்தைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ஒருவர் தம் உயிலில் ஒரு குருவைச் சொத்துக் காப்பாளராக நியமித்துவிட்டு இறந்துபோனார். சிப்ரியான் இதைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார். குரு என்பவர் பலிபீடத்துக்கும் மன்றாட்டுக்கும் உரியவர், உலகக் கணக்கு வழக்குகளில் அவரை மாட்டிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. இறந்தவருக்காகக் கோயிலில் பலி ஒப்புக்கொடுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். இதை மட்டும் படித்தால், பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த சாமியாரை சிப்ரியான் என்ன சொல்லியிருப்பார் என்று தோன்றும். ஆனால் அதே சிப்ரியான், 250-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் நகரத்தைச் சூறையாடியபோது, ஓடிப்போகாமல் நோயாளிகளைக் கவனிக்கச் சொன்னார்; அந்த உதவி கிறிஸ்தவர்களோடு நின்றுவிடக் கூடாது, தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றார். சிறையில் கிடந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் பணம் அனுப்பி, குருக்களைக் கொண்டு பார்க்கச் செய்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவர் தடுத்தது உலகத்தை அல்ல, சொத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. குரு தனக்காகவோ ஒரு குடும்பத்துக்காகவோ ஆள் ஆகிவிடக் கூடாது. ஆள் இல்லாதவர்களுக்குப் போகலாம், போகவும் வேண்டும்.

உரோமையிலிருந்து திரும்பிய அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். அவரை இயேசு சபைக்காரர் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அது தவறு. அவர் மறைமாவட்டக் குரு. துறவற சபைக் குரு சபைத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர். மறைமாவட்டக் குரு ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தவர். மறைமாவட்டத்துக்கு வெளியே போய் வேலை செய்வதென்றால் ஆயர் அனுமதிக்க வேண்டும். அடிகளார் சேர்ந்தபோது ஆயராக இருந்தவர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை; நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர், 1923-இல். பின்னாளில் பேராசிரியர் தனிநாயகம் என்று உலகம் அறிந்தவர், திருச்சபையின் கணக்கில் தூத்துக்குடியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு சாமியார்தான்.

1940 முதல் 1945 வரை நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றினார். அங்கேதான் ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து தமிழை அடியிலிருந்து படித்தார். முப்பது வயசுக்காரர், டாக்டர் பட்டம் பெற்றவர், பள்ளிப் பையன் மாதிரி நூல்களைப் பாடம் கேட்டிருக்கிறார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., அதன்பின் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி எம்.லிட். ஆய்வு. 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம், 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' ஆங்கிலக் காலாண்டிதழ். நடுவில் பல நாடுகளில் சொற்பொழிவுப் பயணம்.

"தமிழ் படிக்கிறது சாமியார் வேலையா?" என்று அப்போதும் கேட்டிருப்பார்கள். இதற்குப் பதில் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே நானூறு வருஷம் முன்பு கிடைத்துவிட்டது. 1546-இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் என்ற என்றிக்கே என்றீக்கஸ், முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பார்த்தார். பிரசங்கத்துக்கு அது ஒத்துவரும். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்துவருமா? ஒரு மனுஷன் தன் மனசைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆளை உட்கார வைக்க முடியுமா? அவர் தமிழைக் கற்றார், இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான மிகப் பழைய நூலாக இன்று நாம் காட்டுவது அதைத்தான். தமிழ் அச்சுக்கலையின் ஆரம்பம் சாமியார் ஒருவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்ததில் இருக்கிறது.

அந்த வரிசையின் இன்னொரு கண்ணியை அடிகளாரே தேடி எடுத்தார். அந்தாவ் தெ புரோயென்சா என்ற போர்த்துகீசியக் குரு தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்த பிறகு 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. அதன் பிரதியை 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் கண்டார். 1966-இல் கோலாலம்பூரில் அதை அப்படியே மறுபதிப்பாக வெளிக்கொண்டு வந்தார். இலத்தீனும் போர்த்துகீசியமும் தமிழும் தெரிந்து, உரோமையில் எந்தக் கதவைத் தட்டுவது என்றும் தெரிந்த ஆள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குருத்துவப் படிப்பு தமிழுக்குக் கைகொடுத்தது இப்படித்தான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1964 ஜனவரியில் 26-ஆவது அனைத்துலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு புதுடில்லியில் நடந்தது. (துவாரகா அப்போது ஏது! பப்பன்கலான் பக்கத்து வயல்காடுதான்.) அந்த மாநாடுகளில் 'இந்தியவியல்' என்றால் பெரும்பாலும் சமஸ்கிருதம்தான், தமிழுக்குக் கிடைத்தது ஓரத்து இடம். மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியமும் முன்கை எடுத்து, வந்திருந்த அறிஞர்களைக் கூட்டினார்கள். ஜனவரி 7-ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. தலைவர் பிரான்ஸ் நாட்டு ழான் ஃபிலியோசா. செயலாளர்கள் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் அடிகளாரும். 1966-இல் கோலாலம்பூர், 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ் என்று மாநாடுகள் தொடர்ந்தன. சென்னை மாநாட்டையொட்டி மெரினாவில் நட்ட சிலைகளில் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் மூவருமே குருமார் என்பதை அந்தப் பக்கம் நடக்கும்போது பாருங்கள்.

டில்லிக் கூட்டம் நடந்தபோது உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் முடிந்திருக்கவில்லை. குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய அதன் ஏடு 1965 டிசம்பர் 7-இல் வெளியானது. திரெந்து சங்கக் காலத்திலிருந்து குரு என்றால் முதலில் பலி ஒப்புக்கொடுப்பவர் என்ற அழுத்தம் இருந்தது. புதிய ஏடு அதை விட்டுவிடவில்லை. ஆனால் இறைவார்த்தையை எல்லாருக்கும் கொண்டுபோவதை முதல் கடமையாக வைத்தது. பங்கில் இருப்பவரும், ஆராய்ச்சி செய்பவரும், பாடம் நடத்துபவரும், கைத்தொழில் செய்பவரும்கூட ஒரே குருத்துவத்தைத்தான் நிறைவேற்றுகிறார்கள் என்றும் சொன்னது. அடிகளார் அதற்குள் இருபது வருஷமாக அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

'அப்போஸ்தலர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அனுப்பப்பட்டவர் என்று பொருள். இன்றைய கத்தோலிக்கத் தமிழில் 'திருத்தூதர்' என்கிறோம். அடிகளார் தம் கட்டுரைத் தொகுப்புக்கு 'தமிழ்த் தூது' என்று பெயர் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குருவுக்குத் தனக்கென்று வீடு இல்லை, வாரிசு இல்லை. அந்த இல்லாமையால்தான் அவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்ப முடிகிறது. பிள்ளை போகிறான் என்று கலங்கும் தாய்தகப்பனுக்கு இது ஆறுதல் ஆகாது, தெரியும். ஆனால் "போய் என்ன செய்வே" என்ற கேள்விக்கு, போகும்போதே முழுப் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1938-இல் பட்டம் பெற்ற அந்த இளம் குருவைக் கேட்டிருந்தால் டில்லியையும் கோலாலம்பூரையும் சொல்லியிருக்கவா போகிறார்?

இந்தத் தூதுக்கு விலையும் இருந்தது. 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழரின் மொழியுரிமை பற்றி எழுதினார். 1961-இல் மலாயா போனார். 1969-இல் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பினார். நான்காம் மாநாட்டைத் தம் சொந்த மண்ணில் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. 1974 ஜனவரியில் நடந்தது. 10-ஆம் தேதி இறுதி நாள் கூட்டத்தில் போலீஸ் புகுந்தது, மின்கம்பி அறுந்து விழுந்தது, அந்தக் களேபரத்தில் உயிர்கள் போயின. செத்தவர்கள் தமிழ் கேட்க வந்த சாதாரண சனங்கள்.

அடிகளார் 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் காலமானார். ஐந்தாம் மாநாடு அடுத்த ஜனவரியில் மதுரையில் கூடியது.