திற்பரப்பில் நீராடும் உரிமை: கோதையாற்றுக் கரையில் ஓய்வுப் பயணத்தின் வரலாறு

முன்னுரை

கோதையாற்றில் தண்ணீர் வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியின் கீழே நிற்பவர்களில் யார் உள்ளூர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்று பேச்சைக் கேட்டுச் சொல்லிவிடலாம். யார் என்ன சாதி, என்ன மதம் என்று மட்டும் சொல்ல முடியாது. குலசேகரத்து ரப்பர் வெட்டுத் தொழிலாளியும் திருவனந்தபுரத்து அலுவலரும் ஒரே நீர்ப்பெருக்கில் தலையைக் கொடுத்துத் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். இன்று இது இயல்பாகத் தெரிகிறது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை, இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மண்ணில் இப்படி நிற்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம்.

குமரி மாவட்டத்தின் சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயற்கை அழகிலிருந்து தொடங்குகிறார்கள். இயற்கை இங்கே எப்போதும் இருந்தது. அதை எல்லோரும் அனுபவிக்கும் நிலைதான் இருக்கவில்லை. தீர்த்தமாடும் துறை பொழுதுபோக்கும் இடமாக மாறியதற்குச் சமூகப் போராட்டம், அணைக்கட்டு, சாலை ஆகிய மூன்றும் சேர வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆறும் பாறையும் கோயிலும்

பேச்சிப்பாறை அணையிலிருந்து சுமார் 13 கி.மீ. கீழே கோதையாறு திற்பரப்பில் இறங்குகிறது. அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் தூரம்வரை ஆற்றுப் படுகை முழுவதும் ஒரே பாறைப் பரப்பு. அப்பரப்பின் மேல்முனையில், நெல்வயல்களுக்குத் தண்ணீர் திருப்புவதற்காகக் கட்டப்பட்ட தடுப்பணை இருக்கிறது. அங்கே தேங்கும் நீரில்தான் இன்று படகு ஓட்டுகிறார்கள். தடுப்பணையைத் தாண்டிய நீர் பாறைமேல் பரவி வந்து ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. தடுப்பணைக்கும் அருவிக்கும் நடுவே, ஆற்றின் இடக்கரையில், கோட்டை போன்ற மதிலுக்குள் மகாதேவர் கோயில். வயல், கோயில், அருவி மூன்றும் ஒரே பாறையை ஒட்டி அமைந்திருக்கின்றன.

இப்பகுதியின் தொன்மைக்குப் பக்கத்து ஊர்களே சான்று. ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் கல்விச்சாலையும் நிறுவிய செய்தியைச் சொல்லும் செப்பேடு 866ஆம் ஆண்டுக்குரியது. திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவன் பிறந்த சதய நாளில் விழா எடுக்க நிலம் விடப்பட்டதை அது கூறுகிறது. சற்றுத் தெற்கே திருவட்டாறு. கோதையாறும் பரளியாறும் வளைத்து ஓடுவதால் அந்த ஊர் தீவுபோல் அமைந்தது. அங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் ஆறாட்டுக்கு எழுந்தருள்வது இரண்டு ஆறுகளும் கூடும் மூவாற்றுமுகத்துக்கு. இந்த நாட்டில் ஆற்று நீராடலின் மிகப் பழைய வடிவம் திருவிழாவோடு சேர்ந்த புனித நீராடல்தான்.

ஓடியே செய்யும் பயணம்

பழைய பயணத்தின் உயிருள்ள எச்சம் சிவாலய ஓட்டம். மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு முந்திய மாலையில் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடிகிறது. சுமார் 110 கி.மீ. தூரம். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்பார்கள். காவி வேட்டி, இடுப்பில் சிறு பை, கையில் பனையோலை விசிறி. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈரத்தோடு நடைக்குப் போய், விசிறியால் சாமிக்கு வீசிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடுகிறார்கள். சிவன் கோயில்களுக்கு “கோவிந்தா, கோபாலா” என்று கூவிக்கொண்டு ஓடுவதற்குப் பீமனையும், பாதி மனிதன் பாதி விலங்கான புருஷாமிருகத்தையும் பற்றிய கதை காரணமாகச் சொல்லப்படுகிறது. வழியெங்கும் ஊர்க்காரர்கள் சுக்குநீரும் பானகமும் கஞ்சியும் கொடுக்கிறார்கள்.

இதில் வேண்டுதல் உண்டு, விரதம் உண்டு. இரவு முழுவதும் கூட்டத்தோடு ஊர்கள் தாண்டி ஓடும் மகிழ்ச்சியும் உண்டு. பக்திப் பயணத்தையும் இன்பப் பயணத்தையும் வேறு வேறு வகைகளாகப் பிரித்துவிடும் ஆய்வுகள் இந்தக் கூட்டத்தின் உற்சாகத்துக்கு இடம் தருவதில்லை. சுற்றுலா என்ற துறை வருவதற்கு முன்பே, ஆண்டுக்கு ஒருமுறை திற்பரப்பைப் பார்த்துவிட்டு வரும் பழக்கத்தை ஓட்டம் உருவாக்கி வைத்திருந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தில் எல்லோருக்கும் பங்கு இருந்ததா?

வழியிலிருந்து விலக்கப்பட்டவர்கள்

திருவிதாங்கூரில் பயணம் செய்வதே சாதியால் அளக்கப்பட்ட காரியமாக இருந்தது. அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் வழிப்போக்கரான பிராமணர்களுக்கு இலவச உணவு கிடைத்தது. சுமை தூக்கி நடந்த ஏழைகளுக்கு வழியோரச் சுமைதாங்கிக் கல் மட்டுமே. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட தம் நூலில், ஈழவர் பிராமணரிடமிருந்து 36 காலடியும் புலையர் 96 காலடியும் விலகி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். அந்த விதி நடப்பில் இருக்கும்வரை அருவியின் கீழே கூட்டமாக நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தத் தூரம் படிப்படியாகத்தான் குறைந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் ஒழிந்தது. 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை அரசு அறிவிப்பாக வந்தது. 1924–25இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. அதே கோரிக்கை 1926இல் சுசீந்திரத்தில் எழுந்தது. 1932இல் அமைக்கப்பட்ட கோயில் நுழைவு விசாரணைக் குழு 1934இல் அறிக்கை தந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார்.

காந்தியின் அனுபவமும் இங்கே குறிப்பிடத் தக்கது. 1925இல் கன்னியாகுமரிக்கு வந்தபோது, கடல் கடந்து இங்கிலாந்து போனவர் என்பதற்காகக் கோயிலின் உள்ளே அவர் விடப்படவில்லை. பிரகடனத்துக்குப் பின், 1937 ஜனவரியில் மீண்டும் வந்தபோது அந்தத் தடை இல்லை. தீண்டப்படாதவருக்கு வழியை அடைத்த அதே ஆசாரம், கடல் பயணத்தையும் குற்றமாக எண்ணியது. பயணத்தின் வரலாறும் தீண்டாமை ஒழிப்பின் வரலாறும் குமரியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நடந்திருக்கின்றன.

அணை தந்த அருவி

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் மிஞ்சினை மக்கள் மூக்கன் துரை என்று அழைத்தார்கள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தருவதே நோக்கம். அருவியில் யாரும் குளிப்பதைப் பற்றி அன்று எவரும் திட்டமிடவில்லை. இருந்தும் இன்று திற்பரப்பில் எவ்வளவு நீர் விழும் என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. அணையில் உபரிநீர் திறக்கும்போது அருவியில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். திறப்பு குறைந்தால் தடை நீங்குகிறது. உழவருக்காகக் கட்டிய அணை, பயணிகளின் நாட்காட்டியையும் எழுதுகிறது.

சாலையும் வண்டியும் அடுத்த மாற்றம். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசுப் பேருந்து சேவை தொடங்கியது. கட்டணம் கொடுத்தவர் எவரும் பக்கத்தில் உட்காரலாம் என்ற நிலை, பிரகடனம் வந்த இரண்டே ஆண்டுகளில் வண்டியின் இருக்கைக்கு வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. 1966இல் பரளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் வறட்சிப் பகுதிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கும், 1981இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் ரயில் வந்தது. இன்று ஒரே நாளில் பத்மநாபபுரம் அரண்மனை, தொட்டிப்பாலம், திற்பரப்பு மூன்றையும் பார்த்துத் திரும்பும் குடும்பம், பாசனத்துக்குக் கட்டியதையும் சுற்றுலாவுக்கு அமைந்ததையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கடலில் ஒரு பாறைத் தீவு

இதே காலத்தில் மாவட்டத்தின் தென்முனையில் ஒரு பாறைத் தீவு பயணிகளின் இடமாயிற்று. விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறையில், ஏக்நாத் ரானடேயின் முயற்சியால் எழுந்த நினைவு மண்டபத்தை 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி. வி. கிரி திறந்து வைத்தார். பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று வந்தது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் அங்கே ஆட்களைக் கொண்டுபோகின்றன. கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ கொந்தளித்தாலோ படகு நிற்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாறையில் சிக்கித் தவித்த சுற்றுலாப் பயணிகளை மீட்டுக் கரை சேர்க்க மீனவர்கள் தங்கள் படகுகளோடு போனார்கள். தம் குடியிருப்புகளையே கடல் சூறையாடிய நாளில் அவர்கள் செய்த உதவி அது.

ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு சான்றுகள்

ஓய்வின்பம் யாருக்கு உரியது என்ற கேள்வி குமரிக்கு மட்டும் உரியதல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு எதிரே ராட்னெஸ்ட் என்ற விடுமுறைத் தீவு இருக்கிறது. நூங்கார் மக்கள் அதை வாஜெமப் என்பார்கள். 1838 முதல் அது பழங்குடியினருக்கான சிறையாக இருந்தது. சுமார் 3,700 ஆண்களும் சிறுவர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். 370க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். 1917இல் அது பொதுமக்கள் பொழுதுபோக்குக்கான காப்பிடமானது. புதைகுழிகள் இருந்த நிலத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள் 2007வரை கூடாரம் அடித்துத் தங்கினார்கள். சிறைக் கட்டடமே 2018வரை தங்கும் விடுதியாக நடந்தது.

இரண்டாவது சான்று திற்பரப்புக்கு இன்னும் நெருக்கமானது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மொரீ நகரில் பழங்குடியினர் நகரசபைக் குளியல் குளத்தில் இறங்கத் தடை இருந்தது. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் அங்கே போய், பழங்குடிச் சிறுவர்களைக் குளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. மாணவர்கள் மீது முட்டையும் தக்காளியும் வீசினார்கள். வைக்கத்துத் தெருவிலும் மொரீக் குளத்திலும் நடந்த வழக்கு ஒன்றே: பொது இடம் என்று பெயர் சூட்டினால் போதாது, யார் கால் வைத்தாலும் பொதுவாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு சான்றுகளிலும் நாம் கற்க வேண்டியது உண்டு. மகிழ்ச்சிக்கு வருகிறவர் அந்த இடத்தின் துயரத்தை அறிந்துகொள்வதால் மகிழ்ச்சி குறைவதில்லை. ராட்னெஸ்ட்டில் இப்போது அந்த வரலாற்றை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். குமரியின் அருவியோரத்திலும் அணையோரத்திலும் அப்படிச் சொல்லும் பழக்கம் வளர வேண்டும்.

அணைக்கு அந்தப்புறம்

திற்பரப்புத் தடுப்பணையில் மிதக்கும் படகு களிப்புக்கானது. அதே ஆற்றின் மேலே, பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தில், வேறொரு படகு போகிறது. காணி மக்களின் தோட்டமலை போன்ற குடியிருப்புகளுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு அந்தப் படகுதான். புத்தகப்பையோடு பிள்ளைகளும், ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் நல்லமிளகும் விற்கப் போகும் பெரியவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளிகளும் அதில்தான் ஏறுகிறார்கள். காற்று பலமாக அடித்தாலோ மழை பிடித்தாலோ பயணம் ஆபத்தாகிவிடும். நாஞ்சில் நாட்டு நெல் வயல்களுக்குத் தண்ணீர் தந்த நீர்த்தேக்கம், காட்டின் பழங்குடிகளைத் தீவு வாழ்வுக்குள் தள்ளியது. கீழே நாம் அனுபவிக்கும் நீரின் விலையில் ஒரு பகுதியை மேலே அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முடிவுரை

திற்பரப்பின் ஓய்வுப் பயணம் நான்கு படிகளில் வளர்ந்தது: கோயில் சார்ந்த தீர்த்தமாடல், வழியையும் துறையையும் எல்லோருக்கும் திறந்த சமூகப் போராட்டம், நீரை நெறிப்படுத்திய அணைகள், மக்களைக் கொண்டுவந்து சேர்த்த சாலையும் ரயிலும். இவற்றில் இரண்டாவது படி இல்லாமல் மற்ற மூன்றும் சேர்ந்திருந்தாலும், அருவி ஒரு சிலரின் சொத்தாகவே இருந்திருக்கும். பிரகடனம் கோயில் வாசலைத் திறந்தபோது அதன் பயன் வாசலோடு நிற்கவில்லை. ஆற்றுத்துறைக்கும் பேருந்துக்கும் அருவிக்கும் பரவியது.

பெற்றதைக் காப்பது நம் தலைமுறையின் கடமை. நுழைவுக் கட்டணம் கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனால், சாதி விட்ட இடத்தில் பணம் காவல் நிற்கும். பெண்களும் முதியவர்களும் அச்சமின்றிக் குளிக்க வசதி இல்லையென்றால் துறை மீண்டும் பாதிப்பேருக்கு மூடியதாகும். பிளாஸ்டிக்கும் கண்ணாடிச் சில்லும் பாறையில் கிடந்தால் கோவிந்தன்மாரின் வெறுங்காலைத்தான் முதலில் கிழிக்கும். சுற்றுலாவால் வரும் வருவாயில் ஒரு பங்கு, தோட்டமலைக்குப் பாதுகாப்பான படகும் நல்ல வழியும் அமையச் செலவாக வேண்டும். ஆறு ஒன்றுதான், அதன் மேற்பகுதியில் இருப்பவர்களின் உரிமையும் கீழ்ப்பகுதிக்கு வருகிறவர்களின் மகிழ்ச்சியும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டும்.