கேபிள் போனது, காலின் அதிகாரமும் போனதா?



கார் பற்றிப் பேச்சு வந்தால் எமது இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். "கேபிள் வண்டிதான் வண்டி. கால் வச்ச உடனே பாயும். இப்ப வாறதெல்லாம் யோசிச்சுப் போட்டுத்தான் ஓடும்" என்பது ஒரு கட்சி. "அது பழைய கதை, இப்ப கம்பியூட்டர் காலம்" என்பது மற்றக் கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் இரண்டுமே தடுமாறுகின்றன. அதனால் இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அடிப்படை. பெற்றோல் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதுதான் த்ரொட்டில். தகடு திறந்தால் காற்று கூடும், அதற்கேற்ப எரிபொருளும் கூடும், வண்டி வேகமெடுக்கும். அந்தத் தகட்டைத் திருப்புவது யார் என்பதுதான் இந்த நூறு வருடக் கதை.

ஆரம்பக் காலக் கார்களில் சிலவற்றில் அந்த வேலையைக் கைதான் செய்தது. 1908இல் வந்த ஃபோர்ட் மொடல் டி காரில் மூன்று பெடல்கள் இருந்தன, அவற்றில் எக்ஸிலேட்டர் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சிறு நெம்பை விரலால் நகர்த்தித்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். பின்னர் எக்ஸிலேட்டர் காலுக்கு வந்தது, இரும்புக் கோல்கள் பெடலையும் எஞ்சினையும் இணைத்தன. உறைக்குள் ஓடும் கம்பிக் கேபிளுக்கு எர்னஸ்ட் மொனிங்டன் பௌடன் 1896இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றிருந்தார். சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று பரவிய அந்தக் கேபிள் கார்களிலும் கோல்களின் இடத்தைப் பிடித்தது. இன்றும் எங்கள் வீதியில் ஓடும் பல ஓட்டோக்களிலும் பைக்குகளிலும் இருப்பது அதே கேபிள்தான்.

கேபிளின் சிறப்பு அதன் நேர்மை. கால் எவ்வளவு அழுத்தியதோ, தகடு அவ்வளவு திறக்கும். இடையில் கேள்வி கேட்க யாருமில்லை. அதன் குறையும் அதுதான். ஓட்டுபவர் தவறு செய்தாலும் அது அப்படியே கடத்தும். துருப்பிடித்தால் இறுகும், நூல் பிரிந்தால் சிக்கும், தளர்ந்தால் பெடலின் முதல் பகுதி வெறுமையாகப் போகும்.

1980களில் கார்களில் புதிய தேவைகள் வந்தன. ஒரே வேகத்தில் ஓட குரூஸ் கொன்ட்ரோல் வேண்டும். ஏசி போட்டாலும் ஐட்லிங் குறையக்கூடாது. ஈரமான வீதியில் சில்லு சுழன்றால் எஞ்சினின் பலத்தைக் குறைக்க வேண்டும். கேபிள் இதில் எதையும் செய்யாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கருவியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். குரூஸுக்குத் தனிக் கேபிள், ஐட்லிங்குக்குத் தனி வால்வு, சில்லு சுழல்வதைத் தடுக்கச் சில கார்களில் இரண்டாவது த்ரொட்டில் தகடு. 1992ஆம் ஆண்டுக் கொர்வெட்டில் கேபிளைப் பின்னுக்குத் தளர்த்தும் ஒரு கருவி இருந்தது. சில்லு வழுக்கும்போது பெடல் ஓட்டுபவரின் காலை மெல்ல மேலே தள்ளும். காலுக்கும் கணினிக்கும் நடந்த முதல் இழுபறிகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

இதற்கிடையில் விமானத் துறை இதே கேள்வியைத் தீர்த்துக் கொண்டிருந்தது. 1972 மே 25ஆம் திகதி நாசா ஒரு எஃப்-8 போர் விமானத்தைப் பறக்கவிட்டது. விமானியின் கைக்கும் இறக்கைகளுக்கும் இடையில் இருந்த இயந்திரத் தொடர்பை எடுத்துவிட்டு, நிலவுக்குப் போன அப்பலோ விண்கலத்தின் கணினியை அங்கே வைத்திருந்தார்கள். 1987 பெப்ரவரியில் எயார்பஸ் ஏ320 முதன்முதலாகப் பறந்தது. பயணிகள் விமானத்திலும் கணினி விமானியின் கட்டளையைக் கேட்டு, தானே முடிவெடுக்கத் தொடங்கியது.

அதே 1987இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 12 சிலிண்டர் கொண்ட 750 ஐ.எல். காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் பெடலையும் எஞ்சினையும் இணைக்கும் கேபிள் இல்லை. பெடலில் ஒரு சென்சர், எஞ்சினில் தகட்டைத் திருப்பும் மின் மோட்டார், நடுவில் ஒரு கணினி. மின்னணு த்ரொட்டிலோடு வந்த ஆரம்பக் கார்களில் இது ஒன்று.

அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் வேகக் கார்களும் ஒவ்வொன்றாக மாறின. 1997 கொர்வெட்டின் புதிய எல்.எஸ்.1 எஞ்சின் மின்னணு த்ரொட்டிலோடு வந்தது. அதே எஞ்சின் குடும்பம் 1998 கமாரோவில் கேபிளோடு வந்தது. போர்ஷ் 911இல் 1999இல் வந்த கரேரா 4 மின்னணு முறைக்குப் போனது, சாதாரண கரேரா இன்னும் ஒரு வருடம் கேபிளோடு ஓடியது. ஃபெராரி 355 கேபிள், 1999இல் அதன் இடத்துக்கு வந்த 360 மின்னணு. நிமிடத்துக்கு 9000 சுற்று வரை சுழன்ற ஹொண்டா எஸ்2000 கேபிளோடுதான் பிறந்தது, 2006 மாதிரியில் அதுவும் மாறியது.

இனி அந்த முக்கியமான கேள்விக்கு வருவோம். "யோசிச்சு ஓடும்" என்ற குற்றச்சாட்டு உண்மையா?

வயரில் மின்சாரம் தாமதிப்பதில்லை. தகட்டைத் திருப்பும் மோட்டாரும் ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அதை முழுமையாகத் திறந்துவிடும். நாம் உணரும் தாமதத்தின் பெரும்பகுதி வேறு இடத்திலிருந்து வருகிறது. பெடலை இவ்வளவு அழுத்தினால் தகட்டை இவ்வளவு திற என்று கணினிக்குள் ஓர் அட்டவணை எழுதப்பட்டிருக்கிறது. பல கார்களில் அந்த அட்டவணையை எழுதியவர்கள் வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறார்கள். திடீரென்று காற்று கூடினாலோ குறைந்தாலோ புகையில் நச்சு கூடும். கியர் பெட்டிக்கு அடி விழும். பயணிகளின் தலை முன்னும் பின்னும் ஆடும். காலை எடுத்த பிறகும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் தொங்கி நிற்பதும் பெரும்பாலும் இதே கணக்கின் விளைவுதான்.

இதற்குச் சிறந்த சாட்சி 1998இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5. எட்டு சிலிண்டருக்கும் எட்டுத் தனித்தனி த்ரொட்டில், எல்லாம் மின்னணு. உள்ளே 'ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் பெடல் கூர்மையாகிவிடும். அதே எஞ்சின், அதே மோட்டார், அதே வயர். மாறியது அட்டவணை மட்டும். ஆகவே மந்தம் மின்னணுவின் பிறவிக் குணமல்ல, யாரோ ஒருவர் எடுத்த முடிவு.

அப்படியானால் கேபிளை ஏன் கைவிட்டார்கள்? வழுக்கும் காரை நேராக்கும் ஈ.எஸ்.பி. முறை 1995இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமானது. அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அத்தகைய முறை கட்டாயமானது. ஓட்டுபவர் பதற்றத்தில் பெடலை அழுத்தியபடி இருந்தாலும் எஞ்சினின் பலத்தை உடனே குறைக்க வேண்டும். அதை மின்னணு த்ரொட்டில் இலகுவாகச் செய்துவிடும்.

ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் கணினிக்குப் போனதும் நம்பிக்கை என்ற பிரச்சினையும் வந்தது. 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து நால்வர் உயிரிழந்தனர். உலகமே மின்னணு த்ரொட்டிலைச் சந்தேகித்தது. விசாரணையில் தெரிந்தது, வேறொரு மாதிரிக்குரிய கால்விரிப்பு சரியாகப் பொருத்தப்படாமல் பெடலைச் சிக்க வைத்தது என்பது. மின்னணுப் பகுதியை நாசா பொறியியலாளர்களும் ஆராய்ந்தார்கள். இத்தகைய பாய்ச்சலை உண்டாக்கும் மின்னணுக் கோளாறு எதையும் தாம் காணவில்லை என்று 2011 பெப்ரவரியில் அறிவித்தார்கள். கதை அத்தோடு முடியவில்லை. 2013இல் ஒக்லஹோமா நீதிமன்றத்தில், வேறொரு விபத்து வழக்கில், மென்பொருளில் குறைகள் இருப்பதாக நிபுணர்கள் சாட்சியம் சொன்னார்கள். ஜூரிகள் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2014இல், கால்விரிப்பு, ஒட்டிக்கொள்ளும் பெடல் ஆகிய பிரச்சினைகள் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக அந்த நிறுவனம் 120 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது.

கேபிள் காலமும் இதிலிருந்து தப்பவில்லை. 1980களில் அவுடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று அமெரிக்காவில் பெரும் புகார் எழுந்தது. அந்தக் காரின் பெடலுக்கும் த்ரொட்டிலுக்கும் இருந்தது இயந்திரத் தொடர்புதான். பெரும்பாலான சம்பவங்களில் பிரேக் என்று நினைத்து எக்ஸிலேட்டரை மிதித்ததே காரணமாக இருக்கும் என 1989இல் அரசாங்க ஆய்வு முடிவு சொன்னது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

பெடலில் பொருத்தினால் வண்டி பறக்கும் என்று விற்கப்படும் சிறு பெட்டிகள் எஞ்சினுக்கு ஒரு குதிரை வலுவையும் கூட்டுவதில்லை. நீங்கள் பாதி மிதித்ததை முக்கால் என்று கணினியிடம் சொல்கின்றன, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம்.

கால்விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பைப் போடாதீர்கள். அழகுக்காகப் போட்டது பெடலைப் பிடித்துக்கொள்ளக் கூடும்.

என்றாவது வண்டி தானாகப் பாய்ந்தால், பிரேக்கை ஒரே அழுத்தாக உறுதியாக மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். உடனே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சில்லுக்குப் பலம் போகாது. பட்டன் ஸ்டார்ட் உள்ள பல வண்டிகளில் ஓடும்போது எஞ்சினை நிறுத்த, பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டை இன்றே பாருங்கள்.

கேபிள் நல்லதா, மின்னணு நல்லதா என்று விவாதிப்பது சுவையானதுதான். ஆனால் எங்கள் காலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இப்போது ஒரு கணினி அமர்ந்திருக்கிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டுவது எங்கள் பொறுப்பு. வீட்டில் வாகனம் ஓட்டும் எல்லோருக்கும், குறிப்பாகப் புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு, இதை வாசிக்கக் கொடுங்கள்.