மரத்த பாதங்களின் வைத்தியம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் வைத்திய சரித்திரப் பிரசித்தி பெற்ற ஓரிடத்தைக் காணலாம். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் சஸ்திர வைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, திருமணி குஷ்டரோக வைத்தியசாலையில் அந்நோய் நிபுணரான டாக்டர் காக்ரேன் காட்டிய நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபோது, மடங்கிய விரல்களிலும் பிடி வலுத்திருப்பதை உணர்ந்தார். அவருடைய வாழ்க்கை மார்க்கத்தை நிர்ணயித்தது அந்த ஸ்பரிசமே.

குஷ்டரோகத்தால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் முள் தைத்தாலும் செருப்பாணி குத்தினாலும் நோயாளி அறியார். வலி தடுக்காமையால் நொண்டாமலே நடப்பார். புண்ணோ நாளுக்கு நாள் ஆழ்ந்து எலும்பைத் தொடும். விரல்கள் குறைவது பெரும்பாலும் இத்தகைய காயங்களால்தான் என்று பிராண்டு விளக்கியது மகத்தான உபகாரம். மிருதுவான ரப்பரில், ஆணியே இல்லாத பாதரக்ஷைகளை அவரும் சகாக்களும் செய்வித்தனர். செருப்புத் தைப்பவரை வைத்தியரின் துணைவராக்கிய அந்த ஏற்பாட்டை, அவருடைய சஸ்திர சிகிச்சைத் திறமையினும் மேலாக நான் மதிக்கிறேன்.

1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற அவர், தமிழ்நாட்டில் கற்றதை நீரிழிவால் பாதம் மரத்தவர்க்கும் பிரயோகித்தார். நீரிழிவுள்ள வாசகர்கள் தினந்தோறும் தம் உள்ளங்காலைக் கவனித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.