பங்கு முதலில், விலை பிறகு

1951இல் இங்கிலாந்தில் ஒரு தம்பதி 2,695 பவுண்டுக்கு வீடு வாங்கினார்கள். பத்திரம் கணவர் பேரில். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி, தன் சேமிப்பிலிருந்து 220 பவுண்டு எடுத்து வீட்டுச் சாமான்கள் வாங்கினார், புல்தரை போட்டார். பத்தாண்டு கழித்துக் கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். விவாகரத்துக்குப் பின் மனைவி வீட்டில் பங்கு கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதி கொடுத்தது. 1970 ஜூலையில், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. வீட்டின் கிரயத்தில் அவர் பணம் இல்லையாம். அதனால் பங்கும் இல்லை.

வீடு வாங்கும் முன்பே தொடங்கிய, இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட குடித்தனத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

அன்று நீதிமன்றத்தின் கையில் இருந்தது, மணமான பெண்களின் சொத்து பற்றிய 1882ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியின் சொத்து மனைவிக்கே என்று சொன்ன விதத்தில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வீடு யாருடையது என்பதற்கு அது கேட்ட கேள்விகள் இரண்டு: பத்திரம் யார் பேரில், பணம் யார் கொடுத்தது? அதற்கு ரசீதுகள் போதும். வீடு இன்று என்ன பெறும் என்று கேட்கவேண்டிய தேவை எழுவதே அரிது.

1971 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இந்த நிலையை மாற்றியது. பத்திரம் யார் பேரில் இருந்தாலும் விவாகரத்தின்போது சொத்தைப் பிரித்துத் தரலாம் என்று நீதிபதிக்கு அது அதிகாரம் கொடுத்தது. வீட்டைப் பராமரித்ததும் குடும்பத்தைக் கவனித்ததும் பங்களிப்பே என்று எழுத்திலேயே சொன்னது. 1973இல் நீதிபதி டென்னிங் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கிலிருந்து தொடங்கினார். சம்பாதித்தவர், வீட்டைக் கவனித்தவர் என்று பாகுபாடு காட்டக்கூடாது, சமபங்கை அளவுகோலாக வைத்துப் பார்க்கவேண்டும் என்று நீதிபதி நிக்கல்ஸ் சொல்ல 2000 அக்டோபர் வரை ஆனது.

பங்கு உண்டு என்றானதும் விலைதான் சண்டைக்குரிய விஷயமானது. வீட்டிலேயே தங்க நினைப்பவருக்கு விலை குறைவாக இருந்தால் லாபம். வெளியேறுபவருக்குக் கூடுதலாக இருந்தால் லாபம். ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை அழைத்துவந்தால் இரண்டு விலை வரும், வழக்கும் நீளும். அதனால் இருவரும் சேர்ந்து ஒரே நிபுணரை அமர்த்தும் முறை வேரூன்றியது. கட்டணத்தைப் பொதுவாக இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு. அக்கம்பக்கத்தில் அண்மையில் விலைபோன வீடுகளையும் கட்டடத்தின் நிலையையும் பார்த்து அவர் விலை சொல்வார். அதில் அடமானக் கடனைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் பங்குக்கு வரும். குழந்தை வளரும்வரை விற்பனையைத் தள்ளிவைக்கும் உத்தரவுகளும் உண்டு. அப்போது விற்கும் நாளின் விலையில் இத்தனை சதவீதம் என்றே பெரும்பாலும் எழுதுவார்கள்.

விவாகரத்தின்போது வீட்டில் பங்கு என்ற இந்த வாசல் இந்தியாவில் இன்னும் திறக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்குமாகக் கிடைத்த பொருட்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கணவரின் அசையாச் சொத்திலும் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்பே என்று தீர்ப்பளித்தார். அது விவாகரத்து வழக்கு அல்ல. அந்த நியாயம் விவாகரத்துக்கும் பொருந்த, நாடாளுமன்றம் அந்த மசோதாவை மீண்டும் கையில் எடுக்கவேண்டும்.