பாப்பாரப்பட்டி: ரயிலில் இடம் இல்லாதவருக்கு இடம் கொடுத்த ஊர்

கொஞ்சம் நீளமான இழை. பாதி ஊர் வரலாறு, பாதி மருத்துவம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

அமெரிக்காவுல "காலேஜ் டவுன்"னு ஒரு வகை ஊர் உண்டு. ஊர் சின்னதா இருக்கும், பல்கலைக்கழகம் பெருசா இருக்கும். நியூயார்க் மாநிலத்துல இத்தாகான்னு ஒரு சிற்றூர். 1865ல கார்னெல் பல்கலைக்கழகம் அங்க தொடங்கப்பட்டது. இன்னைக்கு அந்த ஊரோட பேரைச் சொன்னாலே பல்கலைக்கழகம்தான் ஞாபகத்துக்கு வரும். நம்ம ஊர்ல இதுக்கு நல்ல உதாரணம் சிதம்பரம் பக்கத்துல இருக்கிற அண்ணாமலை நகர். 1920ல அண்ணாமலை செட்டியார் மீனாட்சி கல்லூரியை ஆரம்பிச்சார், 1929ல அது பல்கலைக்கழகம் ஆச்சு, அதைச் சுத்தி ஒரு ஊரே உருவாச்சு.

ஒரு நிறுவனம் ஒரு ஊரை உருவாக்கும்ங்கிறது புரியுது. ஆனா அடிக்கல்லோட நின்னுபோன ஒரு நிறுவனம் ஒரு ஊருக்கு அடையாளமா இருக்க முடியுமா? முடியும். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துல இருக்கிற பாப்பாரப்பட்டி அப்படிப்பட்ட ஊர்.

பாப்பாரப்பட்டி ஒரு பேரூராட்சி. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் மூணுக்கும் நடுவுல இருக்கு. மானாவாரி பூமி. கேழ்வரகு, நிலக்கடலை, மாமரம், புளியமரம். இந்தப் பக்கம் வர்ற வெளியூர்க்காரங்களுக்கு முதல்ல கண்ணுல படுறது வறட்சி. ஒரு டாக்டருக்கு முதல்ல கண்ணுல படுறது பல். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். பிறந்ததுல இருந்து அந்தத் தண்ணியையே குடிச்சு வளர்ந்தவங்களுக்குப் பல்லுல பழுப்புக் கறை படியும், அளவு கூடினா எலும்பும் பாதிக்கும். எவ்வளவு தேய்ச்சாலும் அந்தக் கறை போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல செயல்பாட்டுக்கு வந்தது இதுக்காகத்தான்.

இந்த ஊர்ல ஒரு அறிவுக்கூடமும் இருக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம். விவசாயிங்க விதைக்கும் பயிற்சிக்கும் அங்க போவாங்க. ஆனா பாப்பாரப்பட்டின்னு கூகுள்ல தட்டினா முதல்ல வர்றது இது இல்ல. வர்ற பேரு சுப்பிரமணிய சிவா.

சிவா இந்த ஊர்க்காரர் கிடையாது. 1884 அக்டோபர் 4ல வத்தலக்குண்டுல பிறந்தவர். 1908 ஆரம்பத்துல தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சி.யோட சேர்ந்தார். கோரல் மில் தொழிலாளர்களோட வேலைநிறுத்தத்துக்கு இவங்க ரெண்டு பேரும் மேடை மேடையாப் பேசினாங்க. வேலைநிறுத்தம் ஜெயிச்சது. மார்ச் 12ல ரெண்டு பேரும் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளிச்சது.

அந்த வழக்குல பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. வ.உ.சி. மேல ரெண்டு குற்றச்சாட்டு. ஒண்ணு அவர் பேசின ராஜதுரோகப் பேச்சு. இன்னொண்ணு, சிவாவோட பேச்சுக்கு உடந்தையா இருந்தது, அதாவது அவருக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்தது உட்பட. 1908 ஜூலை 7ல நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்குப் பத்து வருஷம் தீவாந்தரம். வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள், அதுல ஒரு ஆயுள் சிவாவுக்காக! மேல்முறையீட்டுல தண்டனைங்க குறைஞ்சது வேற கதை. சிவாவுக்கு இடம் கொடுக்கிறதுக்கு இந்த நாட்டுல ஒரு விலை இருந்தது. இதை மனசுல வச்சுக்குங்க, பாப்பாரப்பட்டிக்கு வரும்போது தேவைப்படும்.

1912 நவம்பர்ல சேலம் சிறையில இருந்து வெளிய வந்தப்போ சிவாவோட உடம்புல தொழுநோய் இருந்தது.

இங்க ஒரு டாக்டரா கொஞ்சம் குறுக்கிடணும். சிறையில ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் பண்ற வேலை கொடுத்தாங்க, அதனால தொழுநோய் வந்துச்சுன்னு பாடப்புத்தகம் பாணியில திரும்பத் திரும்ப எழுதுறாங்க. அந்த வேலை தோலைப் புண்ணாக்கும், நுரையீரலைக் கெடுக்கும். தொழுநோயை மட்டும் தராது. தொழுநோய் ஒரு பாக்டீரியா. 1873லயே நார்வேக்காரர் ஹான்சன் அதைக் கண்டுபிடிச்சிட்டார். சிகிச்சை எடுக்காத ஒரு நோயாளியோட மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நெருங்கி இருந்தா, மூக்கு வழியா வர்ற நுண்துளி மூலமா பரவும். அப்படியும் நூத்துல 95 பேருக்கு மேல இயற்கையாவே எதிர்ப்பு சக்தி உண்டு, கிருமி உள்ள போனாலும் நோய் வராது.

கிருமி உள்ள போனதுக்கும் முதல் தேமல் தெரியறதுக்கும் நடுவுல சராசரியா அஞ்சு வருஷம். சிலருக்கு ஒரே வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும். சிவா உள்ள இருந்தது நாலு வருஷத்துக்கு மேல. நெரிசலான கொட்டடி, அரைவயித்துக் கஞ்சி, முறிஞ்சுபோற வேலை. தொத்தறதுக்கும், உடம்புக்குள்ள தூங்கிட்டு இருந்தது எழுந்திருக்கிறதுக்கும் இதைவிடத் தோதான இடம் வேற வேணுமா? கம்பளி ரோமத்தைக் குத்தவாளி ஆக்குற கதை எனக்குப் பிடிக்காததுக்குக் காரணம், அது சிறையைத் தப்பிக்க விட்டுடுது.

வெளிய வந்ததும் அவர் சும்மா இருக்கல. 1913ல சென்னையில "ஞானபாநு" பத்திரிகை ஆரம்பிச்சார். பாரதி அதுல எழுதினார். அப்புறம் காவி கட்டிக்கிட்டு சுதந்திரானந்தர்னு பேர் வச்சுக்கிட்டார். மறுபடியும் பேச்சு, மறுபடியும் சிறை.

1920களோட தொடக்கத்துல, உள்ளூர் நண்பர்கள் உதவியோட பாப்பாரப்பட்டியில நிலம் வாங்கி பாரதாசிரமம் அமைச்சார். நாட்டுக்கு வேலை செய்யுற இளைஞர்களை உருவாக்குற இடமா அது இருக்கணும்னு அவர் ஆசை. நடுவுல பாரத மாதாவுக்கு ஒரு கோயில், சாதி மதம் பார்க்காம யாரும் உள்ள வரலாம். 1923ல வங்கத்துல இருந்து தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். யோசிச்சுப் பாருங்க, காங்கிரஸ் தலைவரா இருந்த ஒரு மனுஷன் அந்தக் காலத்துப் பாப்பாரப்பட்டிக்கு வந்திருக்கார்! அப்போ இது சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டம் ஆனதே 1965லதான்.

கோயில் கட்டப் பணம் வேணும். பணத்துக்கு ஊர் ஊராப் போகணும். போறதுக்கு ரயில் கிடையாது.

இதை "சிவாவைப் பழிவாங்க வெள்ளைக்காரன் ரயில் பயணத்தைத் தடுத்தான்"னு சொல்றாங்க. பழிவாங்குற எண்ணம் இருந்திருக்கலாம். ஆனா சட்டம் ஏற்கெனவே தயாரா இருந்தது. 1890ம் வருஷத்து ரயில்வே சட்டத்துலயே தொற்றுநோய் உள்ளவங்களை ஏத்த மறுக்கலாம், மீறி ஏறினா அபராதம் போட்டு இறக்கிவிடலாம். 1898ல தொழுநோயாளர்களுக்குன்னே தனிச் சட்டம். அதன்படி பிச்சை எடுக்கிற நோயாளியைப் பிடிச்சு விடுதியில அடைக்கலாம். அறிவிக்கப்பட்ட பகுதிகள்ல அவங்க சாப்பாட்டுப் பொருள் விக்கக்கூடாது, பொதுக் கிணத்துல குளத்துல குளிக்கக்கூடாது, வாடகை வண்டியில ஏறக்கூடாது. சிவாவுக்கு நடந்தது பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு நடந்துச்சு. அவர் சுப்பிரமணிய சிவாங்கிறதால நமக்குத் தெரியுது.

அதனால அவர் மாட்டு வண்டியிலயும் நடந்தும் போனார். இந்த வரியை எல்லாரும் தியாகத்துக்கு உதாரணமா வாசிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. நான் ஒரு நிமிஷம் அந்தப் பாதத்தைப் பார்க்கச் சொல்வேன்.

தொழுநோய் விரலைத் தின்னாது. அது நரம்பைத் தின்னும். பாதத்துல உணர்ச்சி போயிடும். முள் குத்தினா தெரியாது, கொப்புளம் வந்தா தெரியாது, அது உடைஞ்சு புண்ணாகி எலும்பு வரைக்கும் போனாலும் வலிக்காது. வலிக்காததால நடந்துட்டே இருப்பாங்க, புண் பெருசாயிட்டே போகும். இதை உலகத்துக்குத் தெளிவாக் காட்டினது நம்ம வேலூர்லதான். 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரலும் பாதமும் சிதையறதுக்குக் காரணம் சதை அழுகறது இல்ல, வலி இல்லாம போறதுதான்னு நிரூபிச்சார். அதுக்கப்புறம்தான் மெத்துமெத்துன்னு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு வந்தது. பாதத்துல உணர்ச்சி போன நோயாளிகிட்ட நாங்க இன்னைக்கும் சொல்ற முதல் பாடம்: ரொம்ப தூரம் நடக்காதீங்க. சட்டம் அவரை ரயில்ல இருந்து இறக்கி, செய்யவே கூடாத ஒண்ணைச் செய்ய வச்சது.

மருந்தும் இல்ல. அன்னைக்கு இருந்தது நீரடிமுத்து எண்ணெய். குமட்டும், ஊசியாப் போட்டா உயிர் போற வலி, பலன் சொற்பம். உண்மையிலேயே வேலை செய்யுற சல்ஃபோன் மருந்துகள் 1940கள்லதான் வந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது 1982ல. சிவா 1925 ஜூலையில மதுரையில இருந்து பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். இன்னைய சாலைக் கணக்குல சுமார் 300 கிலோமீட்டர். ஜூலை 23ல இறந்துட்டார். நாப்பத்தோரு வயசு முடியல. கோயில் அடிக்கல்லோட நின்னுது.

இப்போ ஊருக்கு வருவோம். 1920கள்ல "பெருவியாதி"ன்னா என்ன அர்த்தம்னு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. சொந்தப் பிள்ளையையே ஊருக்கு வெளிய குடிசை போட்டு உக்கார வச்ச காலம். தட்டு தனி, தண்ணி தனி, சில குடும்பத்துல பேரே எடுக்க மாட்டாங்க. அந்தக் காலத்துல, போலீஸ் கண்காணிப்புல இருக்கிற, ரெண்டு தடவைக்கு மேல ஜெயிலுக்குப் போன, புண்ணைத் துணியால சுத்தியிருக்கிற ஒரு மனுஷனுக்கு இந்த ஊர்ல நிலம் கிடைச்சது, கூட்டாளிங்க கிடைச்சாங்க, கடைசி மூச்சுக்கு ஒரு கூரை கிடைச்சது. வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்த அதே காரியத்தை, கூடவே தொத்திக்கும்ங்கிற பயமும் சேர்ந்திருந்த நேரத்துல, இவங்க செஞ்சாங்க. என்னைக் கேட்டா இந்த ஊரோட குணம் என்னன்னு சொல்றதுக்கு இது ஒண்ணு போதும்.

இன்னைக்கு அங்க சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கு. அவர் கனவு கண்ட இடத்துல தமிழ்நாடு அரசு பாரத மாதா நினைவாலயமும் கட்டியிருக்கு. அது ஆலயமா நினைவாலயமான்னு சண்டை வந்து, 2022 ஆகஸ்ட்ல பூட்டை உடைச்சு, வழக்கு, கைது வரைக்கும் போச்சு. டிவியில ரெண்டு நாள் விவாதம் ஓடிச்சு. அதுல நான் பார்த்த வரைக்கும் ஒருத்தர் வாயிலயும் தொழுநோய்ங்கிற வார்த்தை வரல. "கொடிய நோய்"னு சொல்லிட்டு நகர்ந்துடுறாங்க. தியாகியோட பேருக்கு அது களங்கம்னு நினைக்கிறாங்களோ என்னவோ.

அந்த வார்த்தையைச் சொல்லாததால என்ன ஆகுதுன்னா, வெளிர் நிறத் தேமல், தொட்டா உணர்ச்சி இல்ல, கையில் விரல் மடங்குது, செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியல, இப்படி இருக்கிறவங்க ரெண்டு மூணு வருஷம் ஒளிச்சு வச்சுட்டு வர்றாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம் சாப்பிட்டா குணமாயிடும். சிகிச்சை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குப் பரவுறது நின்னுடும். ஆனா தாமதத்துல செத்த நரம்பு திரும்ப வராது.

சட்டமும் மெதுவாத்தான் நகர்ந்தது. 2008ல ஒடிசா வழக்கு ஒண்ணுல, தொழுநோயாளி நகராட்சித் தேர்தல்ல நிக்கக்கூடாதுங்கிற விதி செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 1898ம் வருஷச் சட்டம் மத்தியில ரத்தானது 2016ல. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம்ங்கிற பிரிவை நாடாளுமன்றம் நீக்கினது 2019ல. சிவா செத்து 94 வருஷம் கழிச்சு.

ஒகேனக்கல் போற வழியில நேரம் இருந்தா பாப்பாரப்பட்டிக்கு ஒரு எட்டு திரும்பிட்டுப் போங்க. பிள்ளைங்க கூட வந்தா, அவருக்கு என்ன வியாதி இருந்துச்சுன்னு பேரோட சொல்லுங்க.