கணித இடர்ப்பாட்டு ஆசிரியப் பயிற்சி: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள்

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது கேரளத்திலேயே நின்றுவிட்ட நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலை முதலிய தமிழர் வாழும் எல்லைக் கிராமங்களை உள்ளிட்டு, கணிதத்தில் இடர்ப்படும் பாலர்களைக் கைதூக்கிவிடும் உபாத்தியாயர்களுக்கான பயிற்சி, வட்டார வள மையங்களின் வாயிலாக அளிக்கப்படுகிறது. 2018-இல் உருவான சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், முதலிரு வகுப்புகளுக்கு ‘உல்லாச கணிதம்’, அடுத்த வகுப்புகளுக்கு ‘கணித விஜயம்’ ஆகியவை விளையாட்டு வழியே எண்ணறிவை ஊட்ட முனைகின்றன.

இத்தகைய பயிற்சியின் ஜீவநாடி, பிழையைத் தண்டிக்காமல் அதன் காரணத்தைப் பரிசோதிக்கும் பழக்கமே. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என விடை எழுதும் குழந்தை, கவனக்குறைவால் தவறுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் சிறிய இலக்கத்தைப் பெரியதிலிருந்து கழிப்பதே முறையென்று தானாக வகுத்துக்கொண்ட ஒரு நியமத்தை அது ஒழுங்காகவே பின்பற்றுகிறது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்து ஒற்றைகளோடு சேர்த்துக் கழிக்கச் செய்து, பின் படமாக வரையவைத்து, இறுதியிலேயே இலக்கங்களுக்குச் செல்லும் கிரமத்தை ஆசிரியர் கைக்கொள்ள வேண்டும். அவசரம் இங்கே பெருந்தீங்கு.

பிழையின் காரணம் மொழியிலும் இருக்கலாம். கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகம் தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது. ஆயினும் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் கேட்டு வளரும் பிள்ளை, கணக்கின் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாமல் தடுமாறுகிறதா, கணக்கிலேயே தடுமாறுகிறதா என்பதை, அதனை அதன் சொந்த வார்த்தைகளில் பேசவிட்டே ஆசிரியர் நிர்ணயிக்க இயலும்.